ஆற்றோரக் காட்டுப் பாதையும் பத்தாம் நாள் காய்ச்சலும்



பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டங்களில் பஸ் பேச்சு தொடங்கிவிடும். தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று வசூல் நடக்கும். கடற்கரைக்கா, மலைக்கா என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்து, பெரும்பாலும் மலைதான் வெல்லும். கேமரன் மலை! நம்மவர்கள் தேயிலை கிள்ளிய மலை. சொந்தக்காரர் யாராவது இன்னும் அங்கே இருப்பார். வெயிலில் காய்ந்த உடம்புக்குக் குளிர் காற்றும் கிடைக்கும்.

போகட்டும், நல்லதுதான். ஆனால் போய்வந்த பிறகு உடம்பில் நடப்பதைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தோழரின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், நாற்பது வயதுக்காரர், நல்ல திடகாத்திரமான ஆள்.

அவரும் அவர் குடும்பமும் நாங்களும் ஒரே பஸ்ஸில் தானா ராத்தாவுக்குப் போனோம். கடைத்தெருவைச் சுற்றி முடித்த பிறகு, "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமே" என்று கிளம்பினோம். ஊரை ஒட்டியே எண் போட்ட காட்டுப் பாதைகள் இருக்கின்றன. அவற்றில் 4ஆம் எண் பாதை பாரிட் அருவி வழியாகப் போகும். நாங்கள் எடுத்தது 9ஆம் எண். மார்டி ஆராய்ச்சி நிலையத்துப் பக்கத்தில் தொடங்கி, பெர்த்தாம் ஆற்றை ஒட்டியே ரோபின்சன் அருவிக்கு இறங்குகிற பாதை. பெரிய தூரம் கிடையாது. குழந்தைகளோடு மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் அருவி இரைச்சல் கேட்டுவிடும்.

வழியில் அவருடைய சின்ன மகளின் சிலிப்பர் ஒன்று நழுவி ஆற்றில் விழுந்தது. பிள்ளை அழ ஆரம்பித்தது. தகப்பன் மனம் பொறுக்குமா? காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். பாறை இடுக்கில் சிக்கியிருந்த சிலிப்பரை எடுத்துவிட்டு, இறங்கியதுதான் இறங்கினோம் என்று முகத்தையும் கழுவிக்கொண்டார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று சிரித்தபடியே ஏறி வந்தார். அவர் கணுக்காலுக்கு மேலே, மூன்று நாளைக்கு முன் மட்டை முள் கிழித்த கோடு ஒன்று சிவப்பாக இருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது. பல வருடம் டிரெசராக வேலை பார்த்த நான் அதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறை இன்றும் எனக்கு உண்டு.

எல்லாரும் வீடு திரும்பினோம். வேலைக்குப் போனோம். ஒன்பதாம் நாள் மாலை அவருக்குக் காய்ச்சல். திடீரென்று, விளக்கைப் போட்ட மாதிரி. குளிர் நடுக்கம், தலைவலி. மழையில் குலை வெட்டியதால் வந்த காய்ச்சல் என்று இரண்டு பனடோல் போட்டுப் படுத்தார். மறுநாள் கிளினிக்கில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொல்லி, மாத்திரையும் எம்.சி.யும் வாங்கி வந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டிரெசரய்யா, அவருக்குக் கெண்டைக்காலத் தொட முடியல. தொட்டா கத்துறாரு. கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு. கண்ணு வலியான்னா, பீளை ஒண்ணும் இல்ல" என்றார்.

காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பீளை இல்லாத சிவந்த கண். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பழைய டிரெசர்மார்களுக்கு ஓர் எண்ணம் வரும். "அன்னைக்கு ஆத்துல இறங்கினாரே, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அது போயி பத்து நாளாச்சே ஐயா, அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்றார் அந்தத் தங்கச்சி.

அந்தச் சம்பந்தத்தைச் சொல்லத்தான் இந்த மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

எலி எங்கோ, காய்ச்சல் எங்கோ

மலாய்க்காரர்கள் இதைக் 'கெஞ்சிங் திக்குஸ்' என்கிறார்கள். அதாவது எலி மூத்திரம். தமிழில் எலிக் காய்ச்சல். மருத்துவப் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். சுருள் சுருளான ஒரு கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் பெரிய துன்பம் இல்லை. அது போகிற இடமெல்லாம் சிறுநீரோடு கிருமியை விட்டுக்கொண்டே போகும். மாடு, பன்றி, நாய், காட்டு விலங்குகள் வழியாகவும் இது வரும்.

ஈர மண்ணிலும் நல்ல தண்ணீரிலும் இந்தக் கிருமி வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்தால் கரை மண்ணெல்லாம் கழுவி ஆற்றுக்குள் வருகிறது, கிருமியும் வருகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் அது சுத்தம் என்று அர்த்தமில்லை. மலை ஆறு என்றால் மூலிகைத் தண்ணீர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெர்த்தாம் ஆற்றுக்கு மேலே பிரிஞ்சாங் பக்கம் காய்கறித் தோட்டங்களும் கடைத்தெருவும் குடியிருப்பும் இருக்கின்றன. அங்கே கழுவி விடுவது கீழே வராமல் வேறெங்கே போகும்?

கிருமி நம் உடம்புக்குள் நுழைய ஒரு கீறல் போதும். நெடுநேரம் நீரில் ஊறிய தோல் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். நம் தோழரின் காலில் கீறல் இருந்தது. முகமும் கழுவினார். இரண்டு கதவையும் திறந்து வைத்த மாதிரி ஆயிற்று.

நுழைந்த உடனே ஒன்றும் தெரியாது. இதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும். சிலருக்கு இரண்டே நாளில் வரும், சிலருக்கு ஒரு மாதம் வரைக்கும் ஆகும். அதற்குள் நாம் ஆற்றை மறந்துவிடுகிறோம்.

2000ஆம் ஆண்டு சபாவில் 'ஈக்கோ சேலஞ்ச்' என்ற சாகசப் போட்டி நடந்தது. பல நாடுகளிலிருந்து 304 பேர் வந்து காட்டில் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், செகாமா ஆற்றில் நீந்தினார்கள். முடித்துவிட்டு அவரவர் நாட்டுக்கு விமானம் ஏறிப் போனார்கள். போன இடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு விசாரித்தபோது, பேசிப் பார்த்தவர்களில் பத்துக்கு நாலு பேர் இந்த நோய்க்குரிய அடையாளங்களோடு படுத்திருந்தது தெரிந்தது. ஆற்றில் நீந்தியதுதான் காரணம் என்று கண்டார்கள். அத்தனை பேரும் உடற்பயிற்சியில் தேர்ந்த வாலிபர்கள். நல்ல உடம்பு என்பதற்காக இந்தக் கிருமி யாரையும் விட்டு வைப்பதில்லை.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு பகாங், மாரான் வட்டாரத்து லூபோக் யூ பொழுதுபோக்குக் காட்டில் ஒருவர் நீரில் மூழ்கினார். அவரைத் தேடப் போன மீட்புப் பணியாளரும் கிராமத்தாரும் பின்னர் நோயுற்றார்கள். சிலர் இறந்தே போனார்கள். அங்கே எலிக் காய்ச்சலோடு மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு நோயும் கலந்திருந்தது. அதுவும் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமிதான். அதே 2010 டிசம்பரில் எலிக் காய்ச்சல், மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்

இந்தக் காய்ச்சலின் தொடக்கம் டெங்கி மாதிரியும் இருக்கும், சளிக் காய்ச்சல் மாதிரியும் இருக்கும். டாக்டர் ஜோசியம் பார்ப்பதில்லை. வரிசையில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, "காய்ச்சல்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நாம் எழுந்து வந்தால் அவர் என்ன செய்வார்? ஆகவே நாமாகச் சொல்ல வேண்டும்: "டாக்டர், பத்து நாளைக்கு முன்னால காட்டு ஆத்துல இறங்கினேன், கால்ல காயம் இருந்துச்சு." மலாயில் சொல்வதானால் 'மண்டி சுங்கை', 'மாசோக் ஹூத்தான்' என்ற இரண்டே சொல் போதும். தேதியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

நம் தோழரை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஆற்றுக் கதையைச் சொன்னதும் டாக்டர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்டார். இரத்தம் எடுத்தார்கள். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை, மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அதுவே சரியான முறை. முதல் சில நாளில் இரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டிவிடக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர் மருந்து கொடுத்துவிடுவார். டாக்சிசைக்லின், பெனிசிலின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளே இதற்குப் போதும். சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

தாமதித்தால் என்ன ஆகும்? சிலருக்குக் காய்ச்சல் சில நாளில் இறங்கி, "சரியாப் போச்சு" என்று நினைக்க வைக்கும். பிறகு மீண்டும் ஏறும். அப்போது கண் மஞ்சளாகலாம், சிறுநீர் குறைந்து கறுக்கலாம், இருமலில் இரத்தம் வரலாம், மூச்சு முட்டலாம். சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் அடிபடுகிற கட்டம் அது. இந்த அடையாளம் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 999க்கு அடியுங்கள், இல்லையென்றால் தோட்டத்து வண்டியைக் கேட்டு வாங்குங்கள். டிரைவர் தூங்குகிறார் என்று தயங்காதீர்கள்.

இன்னொன்று. கைகால் வலிக்குப் பொன்ஸ்தான் போடுவது நம்மிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. என்ன காய்ச்சல் என்று தெரியாதபோது பொன்ஸ்தானும் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம். டெங்கியாக இருந்தால் இரத்தப்போக்குக்கு வழி வைக்கும். எலிக் காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்தை இன்னும் வருத்தும். பனடோல் மட்டும், அளவோடு. போன வருடத்து மிச்ச மாத்திரையில் பாதியை விழுங்குவதும் கூடாது.

ஆற்றில் ஒட்டியதா, தோட்டத்தில் ஒட்டியதா?

அவர் தேறி வந்த பிறகு ஒரு நாள் தேநீர்க் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டார். நேர்மையாகச் சொன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமா? பழம் தின்னும் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வளர்க்கிற தோட்டங்கள் எத்தனை! மலாக்காவில் செம்பனைத் தொழிலாளர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதித்த ஓர் ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மேல் இந்தக் கிருமி பட்டுப் போன சுவடு இருந்தது. அவர்களில் பலருக்கு நோய் வந்ததே தெரிந்திருக்காது.

ஆகவே மலைக்குப் போகாதவர்களும் இதைப் படித்துவிட்டு ஒதுக்க வேண்டாம். பாசன வாய்க்காலில் முகம் கழுவுவது, வடிகாலில் கத்தி அலசுவது, பூட்ஸ் இல்லாமல் சதுப்பில் இறங்குவது, தரையில் கிடந்த பழத்தைப் பொறுக்கிய கையோடு பசியாறுவது, எல்லாம் அதே கதைதான். வேலையில் இந்த நோய் வந்தது என்று மருத்துவர் கருதினால், சொக்சோவில் தொழில்நோய் என்று கோரிக்கை வைக்கலாம். மருத்துவ அறிக்கை, எம்.சி. எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். பூட்ஸும் கையுறையும் கேட்டு வாங்குவது நம் உரிமை. அதைப் பற்றி வேறொரு மாதம் விரிவாக எழுதலாம்.

அப்படியானால் நடக்கவே கூடாதா?

கூடாது என்று யார் சொன்னது? நானே அடுத்த விடுமுறைக்கு அதே பாதையில் போவதாக இருக்கிறேன். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். பகலிலும் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது குறைவு. நிழலில், ஆற்றுச் சத்தத்தோடு ஒரு மணி நேரம் நடப்பது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நல்லது. வெளிக்காட்டில் நாள் முழுக்க நடக்கிறோமே, இன்னும் என்ன நடை என்று கேட்பவர்கள் உண்டு. சுமையோடு குனிந்து நடப்பது ஒன்று, கையை வீசிக்கொண்டு நடப்பது வேறு. வீட்டில் இருக்கும் பாட்டிமார்களுக்கும் ஆயாக் கொட்டகை ஆயாவுக்கும் அந்த வெளிக்காட்டு நடைகூடக் கிடையாது.

ஆனால் இந்தப் பாதையில் ஒரு குணம் உண்டு. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இறங்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் நில்லுங்கள். நெஞ்சை அழுத்தினாலோ தலை சுற்றினாலோ அத்தோடு உட்கார்ந்துவிட வேண்டும். அருவியைத் தாண்டிப் பாதை பிரிகிறது. 9ஆம் எண் செங்குத்தாக மின் நிலையம் நோக்கி இறங்கும். 9A என்ற கிளை கொஞ்சம் சாய்வாகப் போ தேயிலைத் தோட்டத்துச் சடக்கில் கொண்டுபோய் விடும். 1929இல் தொடங்கிய தோட்டம் அது. நம் தாத்தாமார்கள் பலர் வியர்வை சிந்திய இடம். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனாலும் குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அருவியோடு திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2019 தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டு இந்திய வம்சாவளியினரில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அப்படியானால் ஒரு பஸ்ஸில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இவர்கள் சிலிப்பரோடு காட்டுப் பாதையில் இறங்கவே கூடாது. மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது. மேலே சொன்ன மெலியோய்டோசிஸ் சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் தேடிப் பிடிக்கிறது. மூடிய காலணி, காலுறை, பையில் நாலு மிட்டாய். இன்சுலின் போடுகிறவர் பசியாறாமல் நடக்க வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் காட்டி இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீறல் இருப்பவர்கள் அதை நன்றாகக் கழுவி, நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிவிட்டுக் கிளம்பலாம். கிளம்பிய பிறகும் ஆற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதும். சிலிப்பர் விழுந்தால் விழட்டும், கடையில் புதிது வாங்கிக்கொள்ளலாம். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே காய்ச்சிக் கொண்டுபோங்கள். தாப்பாச் சடக்கில் ஏறும்போது லாதா இஸ்கந்தர் அருவியில் பஸ்ஸை நிறுத்திக் குளிக்கிற பழக்கமும் உண்டு. குளித்தே ஆவேன் என்பவர்களை நான் தடுக்க முடியாது. காயம் உள்ளவர்களும் சர்க்கரைக்காரர்களும் தள்ளி நில்லுங்கள். மழை பெய்த மறுநாள் யாருமே இறங்க வேண்டாம்.

மழை என்றதும் மற்றொன்று. கெப்பாலா ஆயர் என்ற நீர்த்தலை. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். ஆறு திடீரென்று சுவர் மாதிரி எழுந்து வரும். 2021 ஆகஸ்டில் கெடா, ஜெராய் மலையடிவாரத்தில் அப்படித்தான் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரைக்கும் மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். ஆகவே காலை 8 மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

சின்னப் பாதைதானே, தனியாகப் போய் வந்துவிடுவேன் என்று சில இளைஞர்கள் நினைப்பார்கள். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேரெடுத்த அமெரிக்கர் ஜிம் தோம்சன் 1967 மார்ச் 26ஆம் நாள் பிற்பகலில், தானா ராத்தாவில் தங்கியிருந்த வீட்டிலிருந்து வெளியே போனார். போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி மக்கள் எல்லாரும் காட்டைச் சலித்தும் அவர் கிடைக்கவில்லை. இன்றுவரை என்ன ஆனார் என்று தெரியாது. எந்த எண் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழே இருப்பவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

அட்டையும் பூச்சியும்

அட்டைக்குப் பயந்து அலறுகிற அளவுக்கு அதனால் ஆபத்து இல்லை. கடித்துவிட்டால் நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைச் சாய்வாக நெம்பி எடுத்துவிடலாம். நெருப்பு வைப்பதும் உப்பைக் கொட்டுவதும் நம்மவர் வழக்கம். அப்போது அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். அதனால் அது வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு சாறு விடுகிறது. எடுத்த பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். சுத்தத் துணியால் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலைத் தண்ணீரில் காலுறையை நனைத்துக் காய வைத்துப் போடுவது பழைய வெளிக்காட்டுக் கைமுறை. காலில் பூசாமல் காலுறைக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அட்டையைவிடக் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். லாலான் புல்லிலும் காட்டு ஓரப் புதரிலும் அதன் குஞ்சுகள் இருக்கும். அது கடித்தால் வருவது புதர் டைபஸ். அதுவும் ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சலாக வெளியே வரும். சிலருக்கு அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு வார் கட்டும் இடம் போன்ற மறைவிடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நாமே பார்த்திருக்க மாட்டோம். ஒரு காலத்தில் இந்த நோய் பலரைக் கொன்றது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான், குளோரம்பெனிக்கால் மருந்து இதைத் தீர்க்கும் என்று முதன்முதலாக நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். நம் ஊரில் நடந்த பெரிய காரியம். இப்போது டாக்சிசைக்லினே பெரும்பாலும் போதும். இதற்கும் டாக்டரிடம் சொல்ல வேண்டியது அதே வாக்கியம்தான்: இன்ன தேதியில் காட்டுக்குப் போனேன்.

புல்லில் சட்டையைப் போட்டு உட்காராதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கொண்டுபோங்கள். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, நடந்த துணியைத் தனியாகக் கட்டி வையுங்கள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைக்கலாம். காலணியை வெயிலில் நன்றாகக் காய விடுங்கள்.

நம் தோழர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் கொஞ்சம் ஆட்டம் கண்டு திரும்பியது. உடம்பு பழைய நிலைக்கு வந்து மறுபடி பெரட்டில் நிற்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த மாதச் சம்பளச் சீட்டை அவர் மனைவி என்னிடம் காட்டினார். அதைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மளிகைக் கடைக் கேலண்டர் தொங்கியது. இந்த மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம், பக்கத்தில் 'ஆறு' என்று எழுதியிருந்தது. அங்கிருந்து முப்பதாம் நாளில் இன்னொரு வட்டம். பையன் பள்ளிக்கூடப் பயணத்தில் காட்டுக்குப் போய் வந்தானாம். "அந்த ரெண்டாவது வட்டம் வரைக்கும் அவனுக்குக் காச்சல் அடிச்சா, கேலண்டரையே கிழிச்சு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போவேன் ஐயா" என்றார் அந்தத் தங்கச்சி.